பட்டவர், அடித்தவர், கேட்டவர்

முரட்டாங்குளத்தில் அடி என்பது பேச்சில் பாதி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்ற பழமொழியை மற்ற ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் சொல்வார்கள், முரட்டாங்குளத்துக்காரர்கள் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போதே சொல்வார்கள். அங்கே தகப்பன் மகனை அடித்தான், மகன் மாட்டை அடித்தான், வாத்தியார் பையனை அடித்தார், பையனின் மாமன் வாத்தியாரை அடித்தான், வடக்குத் தெருக்காரன் தெற்குத் தெருக்காரனை வெட்டினான், முதல் வெட்டு எதற்காக விழுந்தது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தச் சண்டையிலேயே செத்துப்போய்விட்டதால் தெற்குத் தெருக்காரன் காரணம் கேட்காமலே திருப்பி வெட்டினான், வீட்டுக்கு வீடு புருஷன் பெண்டாட்டியை அடித்தான், ஆனால் அதை மட்டும் யாரும் அடி என்று சொல்வதில்லை, "வீட்டுல சின்னச் சத்தம்" என்பார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் பங்குனி மாதத்தில் ஒரு சாயங்காலம், மைக்செட் கடை இசக்கியப்பனின் கம்ப்யூட்டரில், நிலாவில் பட்டுத் திரும்பிய சிக்னலாக, அன்றைக்குக் காய்கறிச் சந்தையில் விழுந்த ஓர் அறை வந்து சேர்ந்தது.

இசக்கியப்பன் கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர். அந்தத் தொழில் வயிற்றுக்கு. மனசுக்கு ஹாம் ரேடியோ, சொந்த வானொலிக் கருவியில் தூர தேசத்து ஆட்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, கடை மொட்டைமாடியில் மீன்முள் போல நாலு நீளமான ஆன்டெனாக்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றை நிலா போகிற பக்கமெல்லாம் திருப்ப ஒரு மோட்டாரும் வைத்திருந்தார். ஊரார் அதை இலங்கை டிவி எடுக்கிற கம்பி என்று நம்பினார்கள், குளத்தில் தண்ணீர் வற்றிய வருஷம் மழையைத் தடுக்கிற கம்பி என்று திட்டினார்கள். அவர் செய்ததோ வேறு. இங்கிருந்து நிலாவுக்கு ஒரு சிக்னலை அனுப்பினால் அது நிலாவின் மண்ணில் பட்டு ரெண்டரை வினாடியில் பூமிக்குத் திரும்பும், திரும்பும்போது கடலில் கரைத்த பெருங்காயமாகத்தான் திரும்பும், காதால் கேட்டால் வெறும் இரைச்சல். கம்ப்யூட்டர்தான் ஒரு நிமிஷம் முழுக்கப் பொறுமையாகக் கேட்டு, அந்த இரைச்சலைச் சலித்து, ஒரே ஒரு வரியைத் திரையில் எழுதும்: யாரைக் கூப்பிட்டது, கூப்பிட்டவர் யார், எவ்வளவு வலு. வலுவை எப்போதும் கழித்தல் போட்டுத்தான் சொல்வார்கள். கழித்தல் இருபத்தெட்டு என்றால் உயிர் போகிறவன் மூச்சு, எண் குறையக் குறைய வலு கூடும். இந்த வழியில் இசக்கியப்பன் பின்லாந்தில் ஒரு பல் டாக்டரோடும் பிரேசிலில் ஒரு பேக்கரிக்காரரோடும் பழக்கம் வைத்திருந்தார், தெற்குத் தெருவில் யாரோடும் பழக்கம் கிடையாது.

பின்லாந்துக்காரருக்காகக் காத்திருந்த அந்தச் சாயங்காலம் திரையில் விழுந்த வரி இது: கொம்பையா, தளவாய், கழித்தல் இருபத்தேழு. யாரோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கிப் போனால், சந்தையில் எடை போடுகிற கொம்பையாவின் கன்னத்தில் வெற்றிலைக் கடைத் தளவாயின் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன, அறை விழுந்த நேரமும் வரி விழுந்த நேரமும் ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் பொருந்தின. மறுநாள் நாலு வரி வந்தது. அதற்கு மறுநாள் பதினொன்று. பேர் பேராக, அடி அடியாக, முரட்டாங்குளத்தில் விழுந்த ஒவ்வோர் அடியும் மேலே போய் நிலாவில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. "நிலாவுக்கும் பொழுது போவாண்டாமா" என்றார் டீக்கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே. அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. அவர்களுக்கு வேறு கவலை. தான் அடிக்கவே இல்லை என்று தளவாய் சந்தைப் பிள்ளையார் மீது சத்தியம் செய்திருந்தான், ஆகவே கொம்பையா ஆள் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, "எண்ணே, அந்த வரியைக் குழாய்ல வாசிங்க, ஊரு கேக்கட்டும்" என்று நின்றான். இசக்கியப்பன் வாசித்தார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்திருப்பதை அறிவிக்கிற அதே குரலில், "பட்டவர் கொம்பையா, அடித்தவர் தளவாய், வலு கழித்தல் இருபத்தேழு" என்று நாலு திசைக் குழாயிலும் சொன்னார். தளவாய் ரெண்டு நாள் கடை திறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நிலாச் சேதி வாசிப்பது இசக்கியப்பனின் வேலை என்று ஊரே முடிவு செய்துவிட்டது, அவரைக் கேட்கவில்லை.

முதல் வாரம் கைகள் எல்லாம் வேட்டி மடிப்புக்குள் கிடந்தன. ரெண்டாம் வாரம் தளவாயின் மச்சான் ஒருத்தன், தன் குடும்பப் பேர் வெறும் இருபத்தேழில் நிற்பது கேவலம் என்று சைக்கிள் செயினை எடுத்துக்கொண்டு போய்த் தெற்குத் தெருவில் ஒருவன் தாடையை உடைத்து இருபத்தொன்று வாங்கினான், ஆறு மணிக்குக் குழாய்க்குக் கீழே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றான். அதன்பின் அந்த எண்களே ஊர்ப்பேச்சாகிப்போயின. செவிட்டில் ஓர் அறை இருபத்தேழு, பெல்ட் என்றால் இருபத்துநாலு, எலும்பு முறிந்தால் இருபத்தொன்று, அரிவாள் இறங்கினால் பதினாறு. தாய்மார்கள் பிள்ளைகளிடம், "ஒரு இருபத்தாறு குடுத்தாத்தாம்லே நீ அடங்குவ" என்றார்கள். வசவுக்கும் சாபத்துக்கும் வலு இல்லை, நிலா அவற்றைத் திருப்பி அனுப்புவதில்லை என்று தெரிந்ததும் ஊரில் கெட்ட வார்த்தைக்கு மதிப்பே போய்விட்டது.

பிறகு யாருக்கோ உறைத்தது, நிலா மேலே இருந்தால்தானே சேதி. ஆன்டெனா திருப்புவதற்காக இசக்கியப்பன் கடை ஷட்டரில் ஒட்டியிருந்த நிலா உதிக்கிற, மறைகிற நேரத் தாளுக்கு முன்னால் அப்போதிருந்து கூட்டம். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டு போனார், பிரம்பு அதன்பின் நிலா மறைந்த பீரியடில் மட்டும் பேசியது. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போனார், சப்-இன்ஸ்பெக்டர் பால்ஆசீர் சந்தேகக் கேஸ்களை விசாரிக்கிற நேரம் நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போனது. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் தாளைப் பார்த்துத்தான் நேரம் குறித்துக்கொண்டு மோதின. ஆண்கள் எழுதிக்கொண்டு போனதைப் பார்த்துப் பெண்களும் எழுதிக்கொண்டு போனார்கள், தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். நிலா மறைகிற வேளை வந்தால், உலையில் அரிசி பாதி வெந்திருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, அம்மன் கோயில் பந்தலில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். பட்டப்பகலில் இத்தனை பேர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று பூசாரிக்கு ஆச்சரியம்.

அமாவாசைக்கு மட்டும் தாளில் நேரம் போடவில்லை. அதற்கு நேராக இசக்கியப்பன் "லீவு" என்று எழுதியிருந்தார். அமாவாசை அன்றைக்கும் நிலா இருக்கத்தான் செய்கிறது என்று அவருக்குத் தெரியும், அது சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறைகிறது, வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினால் சூரியனின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஒரு வரிகூடத் தேறாது, அதனால் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று லீவு விட்டார். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அமாவாசைக்கு நிலாவே கிடையாது, அன்றைக்கு முழுநாளும் கேட்பாரில்லை என்று எடுத்துக்கொண்டது. மாதம் பூராவும் அடக்கிவைத்த கை எல்லாம் அமாவாசையில் அவிழ்ந்தது. சித்திரை அமாவாசையில் ரெண்டு தலை உருண்டன, ஆனி அமாவாசையில் தெற்குத் தெருக்காரன் ஒருவனைக் கரும்பு வெட்டுவதுபோலக் கணுக்கணுவாக வெட்டிப் பாலத்தடியில் போட்டிருந்தார்கள், அம்மன் கோயில் பந்தலில் அன்றைக்கு மட்டும் இடம் போதவில்லை. பௌர்ணமிக்கு வசவு, அமாவாசைக்கு வெட்டு என்று ஊரில் புதிதாக ஒரு பழமொழி பிறந்தது. இசக்கியப்பன் அந்த ஒரு சொல்லைத் தாளிலிருந்து அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. தேறாத சிக்னலுக்காக ஊரோடு எதற்குத் தர்க்கம் என்று விட்டுவிட்டார், அந்த மனுஷனின் குணமே அதுதான்.

அதைவிட மோசமான காரியம் ஒன்றையும் அவர் செய்துகொண்டிருந்தார்.

சித்திரை பதினெட்டாம் தேதி வந்த வரிகளில் ஏழாவது வரி: பிரமசக்தி, மாசானமூர்த்தி, கழித்தல் இருபத்தேழு. பிரமசக்தி அவருடைய ஒரே மகள். தாயில்லாத பிள்ளை, கடைக்குள்ளேயே வளர்ந்தது, பத்து வயதில் வயருக்கு ஈயம் வைக்கத் தெரிந்தது. மாசானமூர்த்தி மருமகன், தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான், ரெண்டு தெரு தள்ளி வீடு, அவரே பார்த்து, அவரே விசாரித்து, பீடி சிகரெட் கிடையாது என்று ஊரெல்லாம் பெருமை பேசிக் கட்டி வைத்த மாப்பிள்ளை. ஆறு மணிக்கு ஆறாவது வரியை வாசித்து முடித்ததும் இசக்கியப்பனுக்கு இருமல் வந்தது. மைக்கை மூடிக்கொண்டு இருமினார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், எட்டாவது வரியிலிருந்து தொடர்ந்தார். ஊர்ச் சேதி எழுதுகிற நீள நோட்டைக் கவிழ்த்து, கடைசிப் பக்கத்தில் அந்த ஏழாவது வரியைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் இருமல் என்றால் பரவாயில்லை. வைகாசியில் ஐந்து வரி, ஆனியில் எட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஊரார் வீட்டுப் பெண்களின் பேரை எல்லாம் நாலு திசையிலும் முழக்குகிறவர் தன் வீட்டுப் பெண்ணின் பேர் வந்ததும் தண்ணீர் குடித்தார். வாசித்தால் என்ன சொல்வார்கள்? ஊருக்குத்தான் உபதேசமா என்பார்கள், நல்ல மாப்பிள்ளை பார்த்தீர் என்பார்கள், சந்தையில் தளவாய் சிரிப்பான். இதற்குத்தான் பயந்தார். வேறு நியாயம் எதுவும் அவரிடம் இல்லை, நாமும் அவருக்காக ஒன்றைத் தேட வேண்டாம்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மகளைப் பார்க்கப் போனார். மருமகன் வண்டியில் போயிருந்தான். அவள் காபி கொண்டுவந்து வைத்தபோது புறங்கையில் வளையல் உடைந்து கிழித்த கோடு இருந்தது. அவர் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார்.

"எப்பா," என்றாள் பிரமசக்தி. "நேத்து சாயங்காலம் அஞ்சரை மணி வாக்குல என்னமும் வந்துச்சா?"

"நேத்தா? நேத்து சிக்னலே சரியில்லம்மா. ஒரே மேகம்லா."



"மேகம் இதைத் தடுக்காதுன்னு நீங்கதானப்பா சொல்லித் தந்திய," என்றாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகும் அவள் நம்பிக்கையை விடவில்லை என்பதுதான் கொடுமை. ஒருவேளை வீட்டுக்குள்ளிருந்து போவதால் சிக்னல் நலிகிறதோ, கூரை மறைக்கிறதோ, அப்பாவுக்கு நிஜமாகவே தெளிவாக விழவில்லையோ என்று யோசித்து, மாசானமூர்த்தி பெல்ட்டை உருவினால் உடனே முற்றத்துக்கு ஓடி வர ஆரம்பித்தாள். தப்பிப்பதற்கு இல்லை. நடு முற்றத்தில், பகல் நிலாவோ சாயங்கால நிலாவோ தலைக்கு மேல் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, அங்கே அடி வாங்கினாள், தொண்டை கிழிய அலறினாள். ஆறு மணிக்கு வாசலில் உட்கார்ந்து குழாயைக் கேட்டாள். ஆறாவது வரிக்குப் பிறகு எட்டாவது வந்தது, பதிமூன்றுக்குப் பிறகு பதினைந்து வந்தது.

மாசானமூர்த்தியும் கேட்டான். முதல் மாதம் ஆறு மணி ஆனால் கதவைச் சாத்திக்கொள்வான். பிறகு சாத்துவதை விட்டான், பிறகு சிரிப்பு வந்தது. "ஊர்ல உள்ள நாய்க்குட்டி அடிபட்டாலும் வாசிக்கான், உன்னிய வாசிக்கல பாத்தியா? ஒங்கப்பனுக்கே நீ வேண்டாம்ட்டி," என்றான். வலு இருபத்தேழிலிருந்து இருபத்துநாலுக்கு வந்தது, இருபத்தொன்றுக்கு வந்தது. வைகாசியில் ஒருமுறை அவள் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தாள், சப்-இன்ஸ்பெக்டர் புருஷனை வரச் சொல்லி ரெண்டு பேருக்கும் புத்திமதி சொல்லி அனுப்பினார், அந்தப் புத்திமதிக்குக் கூலியாக அன்றைக்கே ஒரு வரி விழுந்தது. ஆடி பிறந்தபோது கடைசிப் பக்கத்தில் பதினெட்டு வரிகள் இருந்தன.

ஆடி அமாவாசை அன்று காலையில், ஊரார் ஆற்றுக்குப் போய்ப் பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பிரமசக்தி கடை வாசலில் வந்து நின்றாள். கையில் கத்தரிக்காய்ப் பை. உள்ளே வரவில்லை.

"எப்பா, அமாவாசையன்னைக்கு நிலா எங்க இருக்கும்?"

"சூரியனுக்குப் பக்கத்துலயே நிக்கும் தாயி. கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப, இருக்குல்லா," என்றாள். "உங்க மருமகன் நேத்தே சொல்லிட்டாவ, இன்னைக்கு லீவு, வச்சுக்கிடுதேன்னு."

இதைச் சொல்லிவிட்டு, கத்தரிக்காயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்துபோனாள். இசக்கியப்பன் "நில்லும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் இருந்தது. ஆற்றிலிருந்து வந்த கூட்டம் பார்க்கிறதே என்று முழுங்கிவிட்டார்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தார். தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போய், மோட்டாரைப் போட்டு, நாலு ஆன்டெனாக்களையும் உச்சி வெயிலுக்கு நேராக நிமிர்த்தினார். ஹெட்போனில் சூரியன் கொதிக்கிற எண்ணெய் மாதிரி இரைந்தது. கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் கேட்டது, ஒன்றும் எழுதவில்லை. இன்னொரு நிமிஷம் கேட்டது, ஒன்றும் எழுதவில்லை. ஊரில் அந்நேரம் மாதாந்திர வெட்டுக்குத்து ஆரம்பித்திருந்தது, பாலத்துப் பக்கம் கூச்சல், பள்ளிக்கூடத்துப் பின்னால் சோடா பாட்டில் உடைகிற சத்தம், ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ரத்தத்தோடு பஜாரில் ஓடினான், அத்தனை அடியும் மேலே போய் அந்த இரைச்சலில் காணாமல் போனது. இசக்கியப்பன் ஜன்மத்தில் கேட்காத மாதிரி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா தாயே வராதே, வராதே என்று வேண்டிக்கொண்டே கேட்டார். மணி ஒன்று இருபதுக்கு அந்த வரி வந்தது. பிரமசக்தி, மாசானமூர்த்தி, கழித்தல் பதினாறு.

பதினாறு அரிவாளின் எண். அவர் எழுந்தார், ஹெட்போன் வயர் காலில் சுற்றியது, செருப்பில் ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை, அதைத் தேடிய அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் சாகும்வரை தன்னை மன்னிக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு படியில் கால் வைத்தபோது பின்னால் திரையில் அடுத்த வரி விழுந்தது: மாசானமூர்த்தி, பிரமசக்தி, கழித்தல் எட்டு.

முரட்டாங்குளத்தில் அதுவரை யாரும் பத்துக்குக் கீழே போனதில்லை.

அவர் பஜாரை எட்டுவதற்குள் அவளே வந்துவிட்டாள். தெரு நடுவில், உச்சி வெயிலில், இடது கை தோளிலிருந்து துணி மாதிரி தொங்க, நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருக்க, மறு கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜாக்கெட்டில் இருந்த ரத்தம் எல்லாம் அவளுடையது இல்லை. பின்னால் தெருவே வந்தது. கடை வாசலில் நின்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"எப்பா, வந்துச்சா?"

இசக்கியப்பன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பத்து நிமிஷத்தில் ஜீப் வந்தது. பால்ஆசீர் அதற்கு முன்பே வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அடுப்பங்கரையில் மாசானமூர்த்தி குப்புறக் கிடந்தான், பக்கத்தில் அரிவாள், பக்கத்தில் உலக்கை, மண்டை இருந்த இடத்தில் மண்டை இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார், மாடிக் கம்பிகளைப் பார்த்தார், அவருக்கு வேர்த்தது. நிலாவின் வரி ஒன்று கோர்ட்டுப் படி ஏறினால் அடுத்து எந்தெந்த வரி ஏறும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், நிலா இல்லாத நேரமாகப் பார்த்து அவர் விசாரித்ததிலும் எத்தனை தவறிப்போய் மாட்டியிருக்கிறதோ.

"இசக்கியப்பா," என்றார். "அமாவாசைல ஏதுய்யா நிலா?"

இசக்கியப்பன் சூரியனுக்குப் பக்கத்தில் விரலை நீட்டினார். "அங்கனதான் சார் நிக்கி. எல்லா அமாவாசைக்கும் நின்னுச்சு."

கூட்டத்தில் இருந்த ஆண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கண் கூசியது, ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சிலர் கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள், ஒருவன் சட்டையில் இருந்த ரத்தத்தைத் துண்டால் மூடினான்.

"நின்னா நின்னுட்டுப் போகட்டும்," என்று பால்ஆசீர் குரலை இறக்கினார். "நிலா எழுதுனதை மட்டும் வெச்சு ஒண்ணும் ஆவாது. மனுசக் காது ஒண்ணாவது கேட்டிருக்கணும். யாரும் கேக்கலைன்னா, பரண்ல இருந்து உலக்கை விழுந்து செத்தான்னு எழுதிட்டு நான் போய்ட்டே இருப்பேன். பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வீட்டுக்கு வந்துரும். என்ன சொல்லுதிய? யாரும் கேட்டியளா?"

"கேக்கலை," என்றது தெரு. ஒரே குரலில், துளி யோசனை இல்லாமல். மகராசி தப்பிக்கட்டும் என்ற இரக்கம் அதில் கொஞ்சம் இருந்தது, மீதியெல்லாம் பழக்கம்.

"நீரு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

இசக்கியப்பனுக்கு அந்தப் பதில் தொண்டைக்கு வந்துவிட்டது. நாலு மாதமாகச் சொன்ன பதில்தானே. இந்த ஒரு தடவை அது மகளைக் காப்பாற்றும். அவர் வாயைத் திறந்தார்.

"எப்பா," என்றாள் பிரமசக்தி. "உலக்கை தானா விழுந்துச்சுன்னா எங்கைய வெட்டுனது யாரு? அருவாளும் தானா விழுந்துச்சா?"

"சும்மா இரும்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "முத்தத்துல நின்னு அலறினேன்லா. நிலா வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்த சத்தம், ரெண்டு தெரு தாண்டி எங்கப்பாவுக்குக் கேக்கலன்னு சொன்னா நான் நம்பணுமா? இன்னைக்கு இதைக் கேக்கலன்னு சொல்லிட்டா முன்னால உள்ளது எல்லாமும் இல்லாமப் போயிரும். அவன் உலக்கை விழுந்து செத்தவன், நான் புருசனோட நல்லா வாழ்ந்தவ. அப்படி வெளிய வாரதுக்கு நான் ஜெயிலுக்குள்ளயே கிடந்துக்கிடுவேன். கேட்டியளா, இல்லையா?"

இசக்கியப்பன் உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். ஆறு மணி ஆகாமலே குழாய் இரைந்ததைக் கேட்டு வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் வெளியே வந்தன, பாலத்தடியில் மோதிக்கொண்டிருந்தவர்கள் ஓங்கிய கையோடு நின்றார்கள். அவர் நோட்டைக் கவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"சித்திரை பதினெட்டு. பட்டவர் பிரமசக்தி. அடித்தவர் மாசானமூர்த்தி. வலு கழித்தல் இருபத்தேழு." அதோடு நிறுத்தவில்லை. பிறகு அதுவரை முரட்டாங்குளம் கேட்டிராத நாலாவது வார்த்தை வந்தது. "கேட்டவர் இசக்கியப்பன்."

"இசக்கியப்பா, நிறுத்தும்," என்று கத்தினார் பால்ஆசீர்.

"எழுதுங்க சார். முதல்ல இருந்து எழுதுங்க. கடைசியை மட்டும் எழுதக் கூடாது," என்று குழாயிலேயே பதில் வந்தது. "சித்திரை இருபத்தாறு. பட்டவர் பிரமசக்தி. அடித்தவர் மாசானமூர்த்தி. கேட்டவர் இசக்கியப்பன்."

ஐந்தாவது வரியில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள், கோமதித்தாய், பிரமசக்திக்குச் சுவரை ஒட்டின பக்கத்து வீடு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேச்சு வந்தது. "எண்ணே, எம்பேரையும் சேத்துக்கிடுங்க. எல்லாத்தையும் நானும் கேட்டேன். சொவத்துக்கு இந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டேன்." எட்டாவது வரியில் பால்காரர் தன் பேரைச் சொன்னார். பத்தாவதில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார். கழித்தல் இருபத்தேழு, கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக் கேட்டால்தான் தேறுகிற சிக்னல், அதை இத்தனை பேர் வெறும் காதால் கேட்டிருந்தார்கள். "வைகாசில இந்தப் பொண்ணு ஸ்டேசனுக்கே வந்துச்சுய்யா," என்று ஏட்டு முனகினார், பால்ஆசீர் வாயை மூடச் சொன்னார், ஏட்டு மூடவில்லை, தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போனார்.

பிரமசக்தியை ஜீப்பில் ஏற்றினார்கள். கோமதித்தாயின் சேலைத்துண்டு அவள் தோளில் இறுக்கிக் கட்டியிருந்தது. டிரைவர் எஞ்சினைப் போட்டதும், "கொஞ்சம் பொறுங்க," என்றாள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது என்றான் அவன். "பொறுங்க," என்றாள் மறுபடியும். சீட்டில் சாய்ந்து, திறந்திருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு, நாலு திசையிலிருந்தும் தன் பேர் வருவதைக் கேட்டாள். பதினாறாவது வரி, பதினேழாவது, பதினெட்டாவது. பத்தொன்பதாவது வரிக்குத் தேதி அன்றைய தேதிதான், வலு கழித்தல் பதினாறு, அதற்குக் கேட்டவர்கள் பேரைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் பிடித்தது.

பிறகு குழாயில் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. இசக்கியப்பன் தண்ணீர் குடிக்கவில்லை, இருமவில்லை. அழுகிறார் என்று எல்லாருக்கும் கேட்டது.

"ஆடி அமாவாசை. உச்சிப்பொழுது. பட்டவர் மாசானமூர்த்தி. அடித்தவர் பிரமசக்தி. வலு கழித்தல் எட்டு. கேட்டவர், இவளைப் பெத்த இசக்கியப்பன்."

பிரமசக்தி கண்ணைத் திறந்தாள்.

"இப்ப வண்டிய எடுங்க," என்றாள்.